முயலுக்கு இரண்டு துடிப்பு

ஆஸ்பத்திரியில் இரவல் வாங்கிய இசிஜி பெட்டி பகல் பன்னிரண்டு மணிக்குத் திரும்பிப் போயாக வேண்டும். அதற்குள் முயலின் இதயத்துடிப்பைத் தாளில் சுத்தமாகப் பதித்துக் காட்டினால் ஆராய்ச்சி சந்திரமதியுடையது. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று துறைத்தலைவர் சொல்லியிருந்தார். அந்த அடுத்த வருஷம் வராது என்று அவளுக்குத் தெரியும்.

1962. மருத்துவக் கல்லூரியின் உடலியங்கியல் துறையில் அவள் புதிது. கம்பி, கரண்டு சமாசாரம் என்பதால் கணவன் தங்கராஜுவையே துணைக்கு இழுத்து வந்திருந்தாள். சிராங்கூன் ரோட்டில் அப்துல் முத்தலிப்பின் ரேடியோ கடையில் அவன் மெக்கானிக். முதலாளியிடம் வயிற்றுவலி என்று புளுகிவிட்டு வந்திருந்தான்.

மல்லாத்திப் போட்டதும் முயல் மந்திரத்துக்குக் கட்டுப்பட்டதுபோல் அசையாமல் கிடந்தது. கால்களில் மயிரை மழித்து, உப்புத்தண்ணீர் தடவிக் கம்பிக் கவ்விகளை மாட்டினாள். முன்னங்கால் கவ்விகள் வழுக்கிக்கொண்டே இருந்தன.

"விடு மதி, நான் பிடிச்சுக்கிறேன்" என்று தங்கராஜு கைக்கொன்றாக அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

பெட்டியை முடுக்கினாள். சூடான ஊசி தாளில் கோடு கிழித்து ஓடியது. சின்னச் சின்னதாய், மளமளவென்று முயலின் துடிப்பு! அதன் நடுநடுவே நிதானமாக, பெரிதாக இன்னொரு அலை.

"என்னங்க, இங்க பாருங்க! ரெண்டு துடிப்பு!"

"முயலுக்கு ரெண்டு நெஞ்சா?"

"எந்த புக்லயும் இப்படி இல்லைங்க. இது புதுசு!"

துறைத்தலைவரைக் கூப்பிட வாசல்வரை ஓடிவிட்டாள். அங்கேயே சட்டென்று நின்றாள். அந்தப் பெரிய அலை மனுஷ நாடியின் வேகத்தில் அல்லவா போகிறது? திரும்பிப் பார்த்தாள். கவ்விகளின் வெறும் உலோகத்தின் மேல் கணவனின் ஈர விரல்கள்.

திரும்பி வந்து, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ஐயையோ, உங்க முதலாளி படியேறி வர்றாரு!"

சின்ன அலைகள் அப்படியே இருந்தன. பெரிய அலைகள் நாலுகால் பாய்ச்சலில் பறந்தன.

அந்தத் தாள் அவளிடம் இன்னமும் இருக்கிறது. தங்கராஜுதான் இப்போது உயிரோடு இல்லை.

"எங்க? எந்தப் பக்கம் வர்றாரு?" என்று அன்று அவன் பதறினான்.

சந்திரமதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "யாரும் வரலை. முயலோட சேர்ந்து உங்க நெஞ்சும் பதிவாகுது. ரேடியோக்காரர் லா நீங்க! ஈரக்கையால கம்பியைத் தொடுவாங்களா?"

"உப்புத்தண்ணியை ஊத்தினது யாரு?"

கீழே பெட்டியை எடுத்துப்போக ஆஸ்பத்திரி வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அவனுடைய சாப்பாட்டுப் பொட்டலத்திலிருந்து நூலைப் பிய்த்து எடுத்துக் கவ்விகளைக் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டினாள்.

"கையை எடுங்க. சுவரோரமாப் போய் நில்லுங்க. நான் சொல்றவரைக்கும் அசையாதீங்க!"

ஊசி மறுபடி ஓடியது. மளமள, மளமள. முயல் மட்டும்! ஒவ்வொரு துடிப்பும் ஊசிமுனையாய்த் துல்லியமாக விழுந்தது. கதவு திறந்தது. ஆஸ்பத்திரி ஆட்கள் இருவருடன் துறைத்தலைவர் நின்றார். தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். கடைசிவரை பார்த்தார். பிறகு அந்த ஆட்களிடம், "கொஞ்சம் பொறுங்கள். இந்தம்மாவுக்கு இன்னொரு முயலைப் பதிய வேண்டியிருக்கிறது" என்றார்.

சந்திரமதி கூண்டுப் பக்கம் பாய்ந்தாள்.

"மதி" என்று சுவரோரத்திலிருந்து ஒரு குரல் முனகியது. "இப்பவாவது மூச்சு விடலாமா?"