வந்து சேர்ந்த அடி

1992 ஆகஸ்ட் 17ஆம் தேதி சவூதியின் ஜுபைலில், போர்மேன் அன்பரசனின் மண்டையில் கார்மேகம் பதினெட்டு இஞ்சு பைப் ரெஞ்சால் அடித்த அடி, 1995 பிப்ரவரி 9ஆம் தேதி வியாழக்கிழமை மதியம் ஒன்றேகாலுக்கு, பர் துபாயில் ஒரு ஜப்பானியச் சாப்பாட்டுக் கடையில் வந்து விழுந்தது.

அவர்கள் இருந்த ஜுபைல் கேம்ப்பில் அடிகள் தாமதமாக விழுவது அப்போது புதிதல்ல. 1992 ஜூன் மாத வெயிலில் தொடங்கியது. பெஷாவர்க்கார டிரைவர் ஒருவர் மெஸ் சமையல்காரரை உதைத்த உதை, நான்கு நாள் கழித்து அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தபோது விழுந்து இரண்டு விலா எலும்புகளை முறித்தது. கம்பத்துக்காரர் ஒருவருக்கு வரவேண்டிய குத்து, அவர் லீவில் ஊருக்குப் போய்ப் பெண் பார்க்க உட்கார்ந்திருந்த கூடத்தில் வந்து, முன்பற்கள் மூன்றைக் கேசரித் தட்டில் உதிர்த்தது. அந்தச் சம்பந்தம் முறிந்தது. வரப்போகும் அடி கம்ப்ரசர் குழாயில் காற்றுக் கசிவதுபோல அதை வாங்கப்போகிறவனுக்கு மட்டும் சீறிக்கொண்டே இருக்கும். லீவில் போகிறவர்கள் விழாத அடி எதுவும் இருந்தால் எழுதிக் கொடுத்துவிட்டுப் போகவேண்டும் என்று கேம்ப் பாஸ் மூன்று மொழிகளில் மெஸ் வாசலில் ஒட்டினார். மருந்தென்று ஒன்றுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அடித்தவன் தன் கையால் பரிமாறி, அடி வாங்கவேண்டியவன் சாப்பிட்டால், சாப்பிட்ட அளவுக்கு அடியின் கனம் குறையும்.

கார்மேகம் அடித்ததற்குக் காரணம் ஒரு தந்தி. கமுதியில் அவன் அப்பா இறந்த செய்தியை, ஆலையை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஷட்டவுன் வேலையில் ஆள் குறைந்துவிடக் கூடாது என்று அன்பரசன் பன்னிரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். பதின்மூன்றாம் நாள், "முடிஞ்சு போனதுக்கு நீ போய் என்னடா பண்ணப்போற?" என்று எடுத்துக் கொடுத்தார். கார்மேகம் ஓங்கிய ரெஞ்சு அவர் தலைக்குள் புகையில் புகுந்ததுபோலப் புகுந்து மறுபக்கம் வந்தது. ஒரு மயிரும் கலையவில்லை. அன்பரசனின் முகம் வெளுத்தது. பக்கத்தில் கிடந்த மஞ்சள் ஹெல்மெட்டை எடுத்து மாட்டினார். அதன்பிறகு குளிக்கும்போதும் தூங்கும்போதும் அவர் அதைக் கழற்றவில்லை. அடுத்த மாதமே வேறு விசாவில் துபாயின் அல் குசைஸுக்குப் போய்விட்டார். சீற்றமும் கூடவே போனது.

முதல் இரண்டு வருடம் கார்மேகம் சந்தோஷமாகக் காத்திருந்தான். 1994 நவம்பரில் மெஸ் வரிசையில் அவனுக்கு முன்னால் நின்ற ஒரு நேபாளியின் தலையில், எப்போதோ யாரோ ஓங்கிய மண்வெட்டி வந்து விழுந்தது. ஓடு பிளந்தது. உள்ளே இருந்தது சோற்றுத் தட்டில் விழுந்தது. ஒன்பது நாள் கார்மேகத்தால் சோற்றைப் பார்க்க முடியவில்லை. தன் ரெஞ்சின் கனம் அவன் கைக்குத் தெரியும். காண்ட்ராக்ட் முடிந்து ஊர் திரும்பும்போது துபாய் வழியாக டிக்கெட் போடச் சொன்னான். விமானம் மாற நடுவில் ஒன்பது மணி நேரம் இருந்தது. அதற்குள் அன்பரசனுக்குச் சோறு போட்டுவிடவேண்டும். போடாமல் ஊருக்குப் போனால், அப்புறம் எந்த நிமிடமும் அவன் கொலைகாரன்.

ரமலான் மாதம். பகலில் எல்லா மெஸ்ஸும் மூடிக் கிடந்தன. அன்பரசனைத் தேடிப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அலைந்தபின், ஓட்டல் ஒன்றின் கீழ்த்தளத்தில் திரை போட்டுப் பிறமதத்தாருக்குச் சாப்பாடு கொடுக்கும் இந்தக் கடை மட்டும் கிடைத்தது. பரிமாறியவர் கீழக்கரை காதர் மைதீன். நோன்பு வைத்திருந்தார். அன்பரசனின் ஹெல்மெட்டை ஒருமுறை பார்த்துவிட்டு மேசையைத் துடைத்தார். உள்ளே ஒரு ஜப்பான்காரர் மாவைக் கையால் பிசைந்து, அகலக் கத்தியால் நூல்நூலாக அறுத்துக்கொண்டிருந்தார். வேகவைத்து ஆறவைத்த அந்த நூலுக்கு சோபா என்று பெயர். மரப்பெட்டியில், மூங்கில் தட்டியின் மேல் சாம்பல் நிறத்தில் வந்தது. பக்கத்தில் சின்னக் கோப்பையில் கறுப்புச் சாறு, நெல்லிக்காய் அளவு பச்சை விழுது.

"என்னடா இது, நூலை அவிச்சு வச்சிருக்கான்?"

"இடியாப்பந்தாண்ணே. நீங்க கை வைக்காதீங்க, நான் ஊத்துறேன்."

சாம்பார் ஊற்றுவதுபோலக் கோப்பையை அப்படியே கவிழ்த்தான். சாறு தட்டியின் இடுக்கில் இறங்கி, பெட்டியை நிறைத்து, மேசையில் வழிந்து, அன்பரசனின் மடியில் கொட்டியது.

"மண்டையத்தான் ஒடைக்கப்போற, பேண்ட்டையாவது விட்டுவைக்கக் கூடாதாடா?"

காதர் மைதீன் வேறு கோப்பையோடு ஓடிவந்தார். "ஊத்தப்புடாதுண்ணே. முக்கி எடுத்து, சத்தம் வர்ற மாதிரி சர்ருன்னு உறியணும்."

"உறிஞ்சித் தின்னா எங்கப்பா முதுகுல வைப்பாரு," என்றார் அன்பரசன்.

"இங்க உறியலன்னாத்தான் உள்ள இருக்கவருக்கு மனசு சங்கடப்படும்."

குச்சிகள் இரண்டு பேருக்கும் வசப்படவில்லை. கார்மேகம் விரலால் ஒரு கொத்து எடுத்துச் சாற்றில் முக்கி அன்பரசனின் வாயில் வைத்தான். அவர் தயங்கித் தயங்கி உறிந்தார். உறிந்தவர் சட்டென்று நிமிர்ந்தார். இரண்டரை வருடத்தில் முதல்முறையாகச் சீற்றம் கேட்கவில்லை. உறியும் சத்தம் அதை மூடிவிட்டது.

"கேக்கலடா! வையி, இன்னும் வையி."

கார்மேகம் வைத்துக்கொண்டே இருந்தான். முக்கால் பெட்டி காலியானது. அன்பரசன் கண்ணில் நீர் வழிய உறிந்தார். தொட்டுக்கொள்ளச் சட்னி என்று நினைத்து, பச்சை விழுது முழுவதையும் கடைசிக் கொத்தின் மேல் தடவிக் கொடுத்தான் கார்மேகம். காரம் நாக்கில் நிற்காமல் மூக்கு வழியாக ஏறி உச்சந்தலையைப் பிடித்தது. அன்பரசன் அலறி, ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்து, இரண்டு கையாலும் தலையைச் சொறிந்தார். சீற்றம் கிட்டத்தில் வந்துவிட்டிருந்தது அவருக்குக் கேட்கவில்லை.

அடி வலது காதுக்கு மேலே விழுந்தது. தோல் நான்கு விரல் நீளம் கிழிந்து மடங்கியது, காது பாதி தொங்கியது, ரத்தம் திரைவரை தெறித்தது. விழும்போது அன்பரசன் கைக்கு அகப்பட்ட மரப்பெட்டியை எடுத்து, தன் பலம் முழுவதையும் சேர்த்து கார்மேகத்தின் முகத்தில் வீசினார். பெட்டி மூக்கு வழியாகப் புகுந்து பின்மண்டை வழியாக வெளியே போய்ச் சுவரில் மோதி உடைந்தது. கார்மேகத்துக்கு ஒரு கீறலும் இல்லை. தரையில் கிடந்த அன்பரசன் அதைப் பார்த்தார். கார்மேகமும் அவரைப் பார்த்தான்.

"போச்சுடா," என்றார் அன்பரசன்.

கார்மேகம் குனிந்து ஹெல்மெட்டை எடுத்தான்.

எலும்பில் விரிசல் மட்டும்தான் என்றார் டாக்டர். பதினெட்டுத் தையல். அந்தக் காது பிறகு கேட்கவில்லை. முழுக் கனத்தோடு விழுந்திருந்தால் கடையிலேயே முடிந்திருக்கும். அடித்தது சவூதியில் என்பதால் வழக்கு தங்கள் எல்லையில் வராது என்று போலீஸ் எழுதி மூடியது. ஜப்பான்காரர் உடைந்த பெட்டிக்குப் பதில் வேறு பெட்டி வாங்கினார். கார்மேகம் அன்று இரவே விமானம் ஏறினான். பணிப்பெண் இரண்டு முறை சொல்லியும் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அவன் மனைவி நாகவள்ளி முதல் வாரம் அழுதாள், பிறகு ஹெல்மெட்டுக்கு உள்ளே வைக்கத் துணி தைத்துக் கொடுத்தாள்.

ஒவ்வொரு வருடமும் லீவில் வரும்போது அன்பரசன் தன் ஊரான பட்டுக்கோட்டையிலிருந்து பஸ் மாறிக் கமுதிக்கு வந்து, நாகவள்ளி அவித்த இடியாப்பத்தைத் தன் கையால் கார்மேகத்துக்கு ஊட்டிவிட்டுப் போகிறார். கார்மேகம் தெருவுக்கே கேட்கும்படி உறிகிறான். 1998 பொங்கல்வரை மூன்று முறை வந்திருக்கிறார். பெட்டி இன்னும் வந்து சேரவில்லை.