ரத்த சோகம்

1

இந்தக் கதை ஒரு பிழையில் பிறந்தது. பிழை என்னுடையதல்ல, என் அண்ணன் மகளுடையது. ஏழு வயது, வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. மருத்துவமனைப் பலகையில் 'ரத்தசோகைப் பிரிவு' என்று இருந்ததை வாய்விட்டுப் படித்தாள்: "ரத்த சோகப் பிரிவு." 'கை'யை முறித்து 'க' ஆக்கிவிட்டாள்.

"அத்தே, என் ரத்தம் சோகமா இருக்காம். அதான் வெளுத்துப்போச்சு. சிரிக்க வெச்சா செவந்துடும்ல?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆமாண்டி" என்றேன்.

2

முறையான தொடக்கம் ஒன்றும் எழுதிப் பார்த்தேன்: 'பரம்பரையாக வரும் அபூர்வ ரத்தசோகையும் பிறவியிலேயே இதயத்தில் ஓட்டையும் ஒருசேர வாய்த்த அந்தக் குழந்தை, சன்னலோரம் அமர்ந்து—'

வேண்டாம். சன்னலோரம் அமர வாலுவுக்குப் பொறுமை ஏது?

(விஷயம் இவ்வளவுதான்: எலும்புக்குள் ரத்தம் சரியாக ஊறுவதில்லை. ரத்தம் ஏறினால்தான் ஓட்டையை அடைக்க முடியும். அதற்கு மாத்திரை, யாரோ கொடுத்த ரத்தம், என் ஜோக்குகள். மூன்றில் இரண்டு வேலை செய்கின்றன. எந்த இரண்டு என்று அவளிடம் சொல்லவில்லை.)

3

அண்ணன் பாத்திரம் எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. வாலுவின் மூக்கு எங்கள் வழி, முடி எங்கள் வழி என்று சம்பந்தி வீட்டாரோடு மல்லுக்கு நின்றவன். இந்தச் சோகையும் தன் வழிதான் என்று பரிசோதனையில் தெரிந்ததும் அந்தத் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இங்கே அவனை அழவைத்துவிடலாம் என்று நான்—

வாலு விட்டால்தானே?

"அப்பா, உனக்கும் ரத்த சோகமா? அப்ப நாம ஒரே கட்சி!"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகுதான் கண்ணைத் துடைத்தான். இருவரையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது எனக்கு.

4

ரத்தம் ஏறிவிட்டது. இன்று ஓட்டையை அடைக்கிறார்கள்.

கைவசம் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் அவள் கண்விழித்து "பசிக்குது" என்கிறாள். இன்னொன்றை எழுதிய கையோடு கிழித்துப்போட்டேன். அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

வாலுவைப் படுக்கவைத்த தள்ளுவண்டி அறுவை அரங்கின் வாசலில் நிற்கிறது.

"அத்தே, ஒரு ஜோக்கு சொல்லு. உள்ள போறப்ப என் ரத்தம் உம்முனு இருக்கக் கூடாது."

இதய மருத்துவர்கூடக் காதைக் கொடுத்து நிற்கிறார். பயத்தில் என்னிடம் இருந்த சரக்கெல்லாம் தீர்ந்துபோயிற்று.

வாசகரே, இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டுதானே இருந்தீர்கள்? நீங்கள் ஒன்று சொல்லுங்கள். மொக்கையாக இருந்தாலும் பரவாயில்லை. கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள், ரத்தத்துக்கும் கேட்க வேண்டும்.