சவுரியம்மாளைப் பின்தொடர்ந்த கிணறு

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் நீட்ட இடம் போதவில்லை என்றால் என் பக்கமாக நீட்டிக்கொள்ளுங்கள், பரவாயில்லை. ஆம்பூர் பக்கத்து ஈச்சங்குப்பத்தில் சவுரியம்மாள் என்பவள் எங்கே போனாலும் அவள் பின்னாலேயே ஒரு கிணறு போய்க்கொண்டிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன். கிணறு என்றால் சின்னக் குழி இல்லை. கருங்கல் சுற்றுக் கட்டிய வெட்டுக்கிணறு. உள்ளே ஒரு ஆமை வேறு இருந்தது.

விக்டோரியா ராணி செத்த வருஷம் மிஷன்காரர்கள் சவுரியம்மாளைக் கிராம ஊழியத்துக்கு அனுப்பினார்கள். இளம் விதவை. பெண் குழந்தை அமிர்தவள்ளியை வேலூரில் மிஷன் போர்டிங்கில் விட்டுவிட்டுத்தான் வந்தாள். ஒரு சேரியில் ஒன்றிரண்டு வருஷம் இருப்பது, பிள்ளைகளுக்கு எழுத்து, பெண்களுக்குப் பிடியரிசிச் சேமிப்பு, காய்ச்சலுக்கு மருந்து என்று ஊரை நிமிர்த்தி வைப்பது, பிறகு அடுத்த சேரிக்குப் போவது, இதுதான் அவள் வேலை. ஈச்சங்குப்பத்து ஆண்கள் எல்லாரும் தோல்ஷாப்பில் உழைத்தார்கள். சுண்ணாம்புத் தொட்டியில் நின்று கால் வெளுத்து, ஆவாரம்பட்டைச் சாற்றில் கை சிவந்து வருவார்கள். ஊர்க்கிணற்றை அவர்கள் தொடக்கூடாது. பாலாற்று மணலில் ஊற்று தோண்டினால் தோல் கழுவிய உப்பு ஊறியது. அந்தத் தண்ணீரைக் குடித்துப் பிள்ளைகள் கழிந்து செத்தன. சவுரியம்மாள் தோல்ஷாப் முதலாளி நிசார் அஹமதுவிடம் போய், கிணறு வெட்ட இடம் கேட்டாள். அவர் தன் புளியந்தோப்பின் ஓரத்தைக் கொடுத்துவிட்டு, "தண்ணி வந்தா நோன்புக் கஞ்சிக்கு ஒரு குடம் அனுப்புங்கம்மா. நம்ம ஷாப் தண்ணியில கஞ்சி காய்ச்சினா உப்பு போடவே வேணாம்" என்றார்.

சேரி மொத்தமும் வெட்டியது. தண்ணீர் இளநீர் மாதிரி வந்தது. புதுக்கிணற்றின் முதல் குடத்தை யாரும் குடிக்காமல் கிணற்றுக்கே திருப்பி ஊற்றிவிடுவது அந்தப் பக்கத்து வழக்கம். கன்னியப்பன் பெண்சாதி பூவம்மாளுக்கும் அது தெரியும். ஆனாலும் அன்றைக்கு மனசு நிரம்பியிருந்ததால் அந்தக் குடத்தைச் சவுரியம்மாள் வாயில் சாய்த்துவிட்டாள். "நீ குடி டீச்சரம்மா. உன்னால வந்த தண்ணி." சவுரியம்மாளும் குடித்தாள். அந்த நிமிஷமே கிணறு அவளைத் தன் மனுஷியாக வைத்துக்கொண்டுவிட்டது. அடுத்த சேரிக்கு உத்தரவு வந்து, மூட்டையைத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பிய காலையில்தான் விஷயம் வெளியே தெரிந்தது.

பூவம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்தாள். "டீச்சரம்மா, பின்னால பாரு, கிணறு வருது!"

"கிணறு எங்கடி வரும்?"

"வருதும்மா. ஆமையோட வருது."

மாட்டுவண்டி வேகத்தில் வந்தது. முன்னால் மண் விலகி வழிவிட்டது, கடந்த பிறகு சேர்ந்துகொண்டது. போன தடத்தில் பசும்புல் முளைத்தது. பனைநாரில் வடம் திரித்து இரண்டு பனைமரங்களோடு கட்டிப் பார்த்தார்கள், பனைகள் சாய்ந்ததுதான் மிச்சம். பூசாரி படையல் போட்டார், சாமியார் தீர்த்தம் தெளித்தார், கிணறு இரண்டையும் மரியாதையாக ஏற்றுக்கொண்டு கூடவே வந்தது. வேலூரிலிருந்து மிஷன் நடத்தும் வெள்ளைக்காரத் துரைசானி வந்து, சவுரியம்மாளை முன்னும் பின்னும் நடக்கவிட்டுப் பார்த்தாள். கிணறு ஓரிடத்தில் இருக்கப் பழகும்வரை இவள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். கிணறு பழகவில்லை. துரைசானிகள் மூன்று பேர் மாறினார்கள். பிற சேரிகளை வேறு ஊழியக்காரர்கள் நிமிர்த்தினார்கள். சவுரியம்மாளின் ஆயுள் முழுக்க அந்த ஒரு சேரியிலேயே போயிற்று.

வீண்போகவில்லை என்றுதான் சொல்லவேண்டும். பிள்ளைகள் சாவது நின்றது. அவளிடம் எழுத்துக் கற்றவர்களில் ஒருவன் ரயில்வேயில் பிட்டரானான், ஒருத்தி நர்ஸ் வேலைக்குப் போனாள். ஆனால் ஊர் எல்லையிலிருந்த ரயில்வே கேட்டைத் தாண்டி சவுரியம்மாள் போகமாட்டாள். தாண்டினால் கிணறும் கூடவே போய்விடும், சேரியில் அடுப்பு எரியாது. அமிர்தவள்ளி லீவுக்கு வரும்போதுதான் தாயும் மகளும் முகம் பார்த்தார்கள். ஒரு லீவில் பேன் பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தப் பெண் சொன்னாள், "உனக்குக் கிணறுதாம்மா பொண்ணு. நான் விருந்தாளி." சவுரியம்மாள் சீப்பைத் துடைத்தாள். வாலாஜாபேட்டையில் மகளுக்குக் கல்யாணம் நடந்த அன்று கேட்டருகில் நின்று, அந்தப் பக்கம் போகும் ரயிலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காலரா வந்த ஒரு கோடையில் மருமகனின் அண்ணன் வந்தான். "அமிர்தத்துக்குப் பிரசவம் சிக்கலாயிடுச்சி அத்தே. உன்னத்தான் கூப்புடுது." அன்றைக்குச் சேரியே சேர்ந்து அவளைப் போ போ என்று தள்ளிவிட்டது. ஆற்றில் தோண்டிக்கொள்கிறோம், எப்படியோ இருந்துகொள்கிறோம் என்றார்கள். சவுரியம்மாள் கேட்டைத் தாண்டினாள். ஆம்பூர் ஸ்டேஷனில் போய் நின்றபோது கிணறும் பிளாட்பாரத்தில் வந்து நின்றது. ஸ்டேஷன் மாஸ்டர் காசிநாதன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "ஆட்டுக்கு ரேட் இருக்கு, சைக்கிளுக்கு ரேட் இருக்கு. இத நான் லக்கேஜ்னு எழுதறதா, பயணின்னு எழுதறதாம்மா?"

வழியனுப்ப வந்த பூவம்மாளின் தோளில் அவள் பேத்தி கிடந்தாள், காலரா கண்ட குழந்தை, உதடு வெடித்திருந்தது. "நீ ஏறு டீச்சரம்மா, இவள நான் பாத்துக்கறேன்" என்று பூவம்மாள் சொல்லச் சொல்ல, அந்தக் குழந்தை கிணற்றைப் பார்த்துக் கையை நீட்டியது. ரயில் வந்து நின்றது, பிறகு புறப்பட்டுப் போயிற்று. சவுரியம்மாள் பிளாட்பாரத்திலேயே நின்றிருந்தாள். பிறகு குனிந்து ஒரு செம்பு மொண்டு குழந்தைக்குப் புகட்டிவிட்டு, வந்த வழியே திரும்பி நடந்தாள்.

பேத்தி பிழைத்தாள். அமிர்தவள்ளி பிழைக்கவில்லை, வயிற்றிலிருந்ததும் பிழைக்கவில்லை. செய்தி வந்த அன்று சேரியில் ஒருவரும் தண்ணீர் மொள்ளவில்லை. கிணறு தானாகவே வழிந்து, தெருவெல்லாம் ஓடி, வீட்டு வாசற்படிகளை நனைத்தது. யாரும் அணை போடவில்லை.

அதற்குப் பிறகும் சவுரியம்மாள் வெகுகாலம் இருந்தாள். பாடம் சொன்னாள், மருந்து கொடுத்தாள், ஆனால் ரயில் சத்தம் கேட்டால் வீட்டுக்குள் போய்விடுவாள். படுக்கையில் விழுந்த பிறகு ஒருநாள் கன்னியப்பனிடம், "என்ன அமிர்தம் பக்கத்துல வெச்சிடுங்கப்பா" என்றாள். உடனேயே தலையை ஆட்டினாள். "வேணாம். ஏதோ ஒளறிட்டேன், மறந்துடு." அந்த வாரமே கண்ணை மூடினாள்.

சேரி கூடிப் பேசியது. புளியந்தோப்பிலேயே புதைத்தால் கிணறு தங்கிவிடும் என்பது எல்லாருக்கும் புரிந்திருந்தது.

"பொணத்துக்கு இன்னா தெரியப்போவுது?" என்றான் ஒரு வாலிபன்.

"நமக்குத் தெரியும்டா, பேமானி" என்றாள் பூவம்மாள்.

கன்னியப்பன் மெதுவாகச் சொன்னான். "இத்தினி வருஷத்துல அந்தம்மா கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் நமக்காக வேணாம்னுடுச்சி."

வீட்டுக்கு வீடு இருந்த குடம், அண்டா, சட்டி எல்லாவற்றையும் நிரப்பி வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினார்கள். நிசார் அஹமதுவின் மகன் பட்டை ஏற்றும் வண்டியைக் கழுவி அனுப்பினார். வண்டிக்குப் பின்னால் கிணறு போயிற்று, கிணற்றுக்குப் பின்னால் சனம். வழியில் தாகம் எடுத்தவர்கள் அதிலேயே மொண்டு குடித்தார்கள். வாலாஜாபேட்டைக் கல்லறைத் தோட்டத்தில் மகள் பக்கத்தில் தாயை இறக்கியதும், கிணறு படுக்க இடம் தேடும் நாய்போல ஒரு சுற்றுச் சுற்றி, எந்தச் சிலுவையையும் அசைக்காமல் இருவரின் கால்மாட்டில் அமர்ந்தது. அந்தத் தெருக்காரர்கள் மறுநாளே குடத்தோடு வந்தார்கள். ஏது இந்தக் கிணறு என்று கேட்கவில்லை.

ஈச்சங்குப்பம் திரும்பியபோது புளியந்தோப்பில் வெறும் தரைதான் இருந்தது. நிரப்பி வைத்த தண்ணீர் தீர்வதற்குள் கன்னியப்பன் கடப்பாரையை எடுத்தான். வயசாகிவிட்ட அவனால் ஓங்க முடியவில்லை, மற்றவர்கள் ஓங்கினார்கள். மிஷனிலிருந்து யாரும் வரவில்லை, இவர்களும் கூப்பிடவில்லை. கோடை முழுக்கப் பாறையை உடைத்துக் கண்ட தண்ணீர் கரித்தது. பருப்பு வேக நேரம் பிடித்தது, சோறு மஞ்சளாக வடிந்தது. முதல் குடத்தைப் பூவம்மாள் மறக்காமல் கிணற்றுக்கே திருப்பி ஊற்றினாள். அடுத்த குடத்தில் வாய் வைத்த வாலிபன் முகத்தைச் சுளித்தான். "டீச்சரம்மா கிணறு சர்க்கரையா இருந்துச்சி. இது இன்னா, உப்புக்கண்டம் மாதிரி!"

"உப்புதான்டா" என்றாள் பூவம்மாள். "நாளைக்கும் இங்கியேதான் இருக்கும்."

அந்தத் தை மாதம் பூவம்மாளின் கடைசிப் பெண்ணுக்குத் திருப்பத்தூரில் பிரசவம் நெருங்கியது. பூவம்மாள் ரயிலேறிப் போனாள். கேட்டைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக ஒருதரம் எட்டிப் பார்த்தாள். பின்னால் எதுவும் வரவில்லை. அழுதாள். பிறகு போய்ச் சேர்ந்து, பேரனைக் கையில் வாங்கினாள்.

உங்கள் வீட்டுக் குடங்கள் குளிர்ந்திருக்கட்டும், கண்ணுகளா. உங்கள் வீட்டில் பெற்றவளும் பிள்ளையும் நினைத்த நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கட்டும்.