பந்தாவுக்கு இருபத்துமூன்று அட்டைகள்

அந்த அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. எந்தச் சொல்லுக்கும் எழுதும் உதாரண வாக்கியம் உண்மையில் நடந்ததாக இருக்க வேண்டும். யார், எப்போது, என்ன செய்தார் என்று முதலில் மஞ்சள் அட்டையில் பென்சிலால் எழுதிக்கொள்வார்கள். பிறகு ஆளை மறைத்து, ‘ஒருவர்’ என்று மாற்றி வெள்ளை அட்டையில் பேனாவால் எழுதுவார்கள். வெள்ளை அட்டை கையெழுத்துக்குப் போகும், மஞ்சள் அட்டை குப்பைக்கு. கையெழுத்துப் போடுகிறவர் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு வாக்கியத்தை அடிக்க முடியாது. நடக்கவே இல்லை என்றால் மட்டும் அடிக்கலாம். அட்டை காலியாக இருந்தால் அவரே நிரப்பலாம், அப்போது எழுத வேண்டியவர் கையெழுத்துப் போட வேண்டும்.

இந்த விதியைப் போட்டவர் தலைமைப் பதிப்பாசிரியர், அலுவலகத்தில் எல்லோருக்கும் ‘தலைவர்’. அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியும் இருந்தார். விதியைவிட அவருடைய கையெழுத்துதான் அதில் பெரிதாக இருக்கும்.

ஆங்கிலம், ஸ்பானிஷ், தமிழ் மூன்றுக்குமான புது அகராதியில் பந்தாப் பேர்வழிகளுக்கான சொற்கள் மொத்தமும் ஸ்பானிஷ்காரியின் தலையில் விழுந்தன. ஸ்பானிஷ் படித்தவள் என்பதால் அலுவலகம் வைத்த பெயர் அது. ஆறு வருடமாக வெறும் உதவியாளர். இந்த இருபத்துமூன்று அட்டைகளும் தேறினால் துணைப் பதிப்பாசிரியர். புத்தகத்தின் முதல் பக்கத்தில் பெயர் வரும். அந்தப் பக்கத்தை அவள் கனவில் பலமுறை அச்சடித்துப் பார்த்தாயிற்று.

வேலையும் வெல்லமாக இனித்தது. ‘பாம்பஸ்’ என்றால் பேனா கேட்பதைக்கூட மேடைப்பேச்சாகக் கேட்கிறவர். ஸ்பானிஷில் ‘பிரெசுமீதோ’ கண்ணாடியைக் கண்டால் நகர மாட்டார். ‘ஃபான்ஃபர்ரோன்’ வெறும் வாய்ச்சவடால். ஜம்பம், பவுசு, அலட்டல், மண்டைக்கனம் என்று தமிழும் சளைக்காமல் ஈடுகொடுத்தது. உதாரணம் தேடி அவள் எங்கேயும் அலையவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தலைமைப் பதிப்பாசிரியர் இருந்தாரே, அள்ள அள்ளக் குறையாமல்! தன்னை ஒரு படி மேலே வைத்தே எல்லோரையும் பார்க்கும் பெண்ணைச் சொல்லும் ‘கிரெயீதா’ மட்டும் காலியாக நின்றது. அலுவலகம் முழுக்கச் சலித்துப் பார்த்தும் அப்படியொருத்தி அவள் கண்ணில் படவில்லை.

காலையில் அட்டைக்கட்டைக் கையெழுத்துக்கு உள்ளே அனுப்பிவிட்டு, பதினோரு மணிக்கு ரப்பர் எடுக்க மேசை இழுப்பறையைத் திறந்தாள். வெள்ளைக் கட்டு அங்கேயே சமத்தாக உட்கார்ந்திருந்தது.

“என்னடி, முகம் வெளிறிப் போச்சு?” என்றாள் பக்கத்து மேசையில் மெய்ப்புப் பார்க்கும் அக்கா.

“வெள்ளைக் கட்டு இங்க இருக்கு அக்கா.”

“அப்போ உள்ள போனது?”

“மஞ்சள்.”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். “அடிப்பாவி! என்னெல்லாம் எழுதியிருக்க?”

“‘பாம்பஸ்’: தலைவர் லிஃப்டுல மாட்டிக்கிட்டப்போ, போன்ல ‘இந்த இக்கட்டான தருணத்திலே’ன்னு ஆரம்பிச்சார்.”

“சரிதான். அந்தப் பிரெசுமிடோவுக்கு?”

“பிரெசுமீதோ, அக்கா. தோ. நாக்கு பல்லைத் தொடணும். தலைவர் ஜெராக்ஸ் மெஷின் கண்ணாடியில மீசையைச் சரிபண்ணினார்.”

“ஐயோ, அது நான் சொன்னதுடி!” அக்காவின் சிரிப்பு அந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

உள்ளேயிருந்து மணி அடித்தது.

முதல் பக்கமும் போச்சு, வேலையும் போச்சு என்று முனகிக்கொண்டே அவள் உள்ளே போனாள். அவர் மஞ்சள் அட்டைகளை மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தார். மீசை அசையவில்லை.

“உட்காருங்க. லிஃப்ட் விஷயம் தப்பு.”

“சார், அது வந்து…”

“‘இக்கட்டான தருணத்திலே’ன்னு நான் சொல்லல. ‘வரலாறு மறக்க முடியாத இந்த இக்கட்டான தருணத்திலே’ன்னு சொன்னேன். பாதியை விட்டுட்டீங்க. திருத்திட்டேன்.”

அவள் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தாள்.

“மத்ததெல்லாம் நடந்ததுதான். கையெழுத்துப் போட்டாச்சு. இருபத்திரண்டு சொல்லுக்கும் ஒரே ஆள்! எந்த அகராதியிலயாவது ஒரு மனுஷன் இப்படி இடம்பிடிச்சிருக்கானா?” அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். “ஒண்ணு செய்யுங்க. ‘ஒருவர்’னு மாத்த வேண்டாம். ‘தலைவர்’னே இருக்கட்டும்.”

அவளுக்குச் சிரிப்பு தொண்டைவரை வந்து முட்டியது. கன்னத்தை உள்ளே கடித்து அடக்கினாள். அப்போது அவர் கடைசி அட்டையை அவள் பக்கம் நகர்த்தினார்.

“இது காலியா இருந்துச்சு. நான் நிரப்பினேன். நடக்கலேன்னா அடிச்சிடுங்க. ஆனா இருபத்துமூணு முழுசா இருந்தாதான் முதல் பக்கம்.”

‘கிரெயீதா: தாய்மொழியே ஸ்பானிஷாக உள்ள விருந்தாளி வந்தபோது, ஒருத்தி கைகுலுக்கியபடியே அவருடைய உச்சரிப்பைத் திருத்தினாள்.’

அந்த ‘ஒருத்தி’ அவளேதான். இப்படியா என்னை எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு வலித்தது. அடித்துவிடலாம் என்று பேனாவைத் திறந்தாள். வெளியே அக்கா கண்ணாடிக் கதவில் மூக்கை அழுத்திக்கொண்டு நின்று, வாயசைவில் எதையோ கேட்டாள். உதடுகள் ‘தோ, தோ’ என்று குவிவதுபோல் அவளுக்குத் தோன்றியது. அவ்வளவுதான், அடக்கி வைத்த சிரிப்பெல்லாம் பீறிட்டது. கண்ணில் தண்ணீர் வர, மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். தலைவரும் காரணம் புரியாமல் கூடச் சிரித்தார்.

“அப்போ நடந்ததுதானே?” என்றார்.

“நடந்ததுதான் சார். ஆனா ஒரு திருத்தம்.”

“என்ன?”

“ஒரு தடவை இல்ல. அவர் சரியாச் சொல்ற வரைக்கும், மூணு தடவை.”

‘உச்சரிப்பை’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ‘மூன்று முறை’ என்று நிறுத்தி எழுதினாள். பிறகு கீழே கையெழுத்துப் போட்டாள். அது அவருடையதைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது.