ஆண் இல்லாத பெட்டி

எலிக்கொட்டகையில் தாய்ப்பெட்டியின் மூடியைத் தூக்கியதுமே துர்சுனாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. பெட்டியின் ஒரு மூலையில், மரச்சீவலைக் கலைத்துப் போட்டுவிட்டு, தடித்த கழுத்துள்ள ஆண் எலி உட்கார்ந்திருந்தது. முந்தின நாள் ஈன்ற சாம்பல் நிறத் தாய் எதிர்மூலையில் குட்டிகள்மேல் கவிந்து, முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. துர்சுனாய் மாரோடு சால்வையில் கட்டியிருந்த பச்சைக் குழந்தையை ஒரு கையால் அணைத்தபடி, மறு கையால் ஆணை வயிற்றோடு அள்ளி வேறு பெட்டியில் விட்டாள்.

குட்டிகளைப் பார்த்தாள். வயிற்றுத் தோல் வழியே பால் வெள்ளையாகத் தெரிந்தால் கவலையில்லை. சிலவற்றின் வயிறு வெறுமையாக இருந்தது. ஒரு குட்டியின் பாதி மட்டும் சீவலில் கிடந்தது. பயந்துபோன தாய் அப்படிச் செய்யும்.

பெண் எலி ஈன்ற கையோடு மறுபடி சூல் கொள்ளும். ஆணைப் பிரிக்காமல் விட்டால், மடியில் ஒரு ஈற்றும் வயிற்றில் ஒரு ஈற்றுமாகத் தன்னையே கரைத்துக்கொண்டிருக்கும். கொஞ்ச காலம் பெட்டிகள் நிரம்பும். பிறகு மயிர் உதிரும், தடவினால் முதுகெலும்பு இடறும், குட்டிகள் நோஞ்சானாகும். அதனால்தான் துர்சுனாய் வயிறு பெருத்ததுமே பெண்ணைத் தனியே எடுத்துவிடுவாள். ஒரே சமயத்தில் ஈன்ற இரண்டு தாய்களை ஒரு பெட்டியில் சேர்த்து வைப்பாள். ஒன்று தண்ணீர் குடிக்கப் போனால் மற்றது எல்லாவற்றுக்கும் பால் கொடுக்கும். குட்டிகள் பால் மறந்தபின் தாய்கள் ஓய்வுப் பெட்டிக்குப் போய்விடும். அங்கே ஆண் கிடையாது. சதை தேறும்வரை தின்பதும் தூங்குவதும்தான் வேலை. குட்டிகள் டோக்மோக் ஊருக்கு வெளியே இருந்த பாம்புப் பண்ணைக்குப் போயின. அதில் அவளுக்குச் சஞ்சலம் எதுவும் இருந்ததில்லை. பாம்புக்கும் பசிக்கும்தானே. ஆனால் போகிற வரைக்கும் குட்டி வயிறு நிறையக் குடிக்க வேண்டும்.

சமையலறையில் மாமியார் சபிரா, பெயர் சூட்டு விழாவுக்கு வருகிற விருந்தாளிகளுக்காக மாவுத் துண்டுகளை எண்ணெயில் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தே, தாய்ப்பெட்டியில ஆணை விட்டது நீங்களா?"

"ஆமா. பண்ணைக்காரன் இன்னும் வேணும்னு கேட்டுட்டுப் போறான். நீ எலிக்கெல்லாம் லீவு குடுத்து உட்கார வச்சிருக்க. நாங்கல்லாம் ஓய்வெடுத்துட்டா பெத்தோம்?"

"பயத்துல ஒரு குட்டியைத் தின்னுடுச்சு."

"பாம்பு திங்கப்போறதை அது தின்னுடுச்சு. விடு." சபிரா சிரித்தாள். பொல்லாதவள் இல்லை. பிரசவ வலியில் துர்சுனாய் துடித்தபோது, விடிய விடிய இடுப்பைத் தேய்த்துவிட்டவள் அவள்தான். கரண்டியைச் சால்வையின் பக்கம் நீட்டினாள். "இவளுக்குப் பேரு முடிவாயிடுச்சு. புருல்."

புருல் என்றால் 'திரும்பு'. மூன்றாவதும் பெண்ணாகிப் போன வீடுகளில், அடுத்ததாவது ஆணாகத் திரும்பட்டும் என்று வைக்கிற பெயர். பள்ளியில் துர்சுனாய்க்குப் பக்கத்தில் ஒரு புருல் உட்கார்ந்திருந்தாள். ஆசிரியை பெயரைக் கூப்பிடும்போதெல்லாம் பின்வரிசைப் பையன்கள் "திரும்பு, திரும்பு" என்பார்கள்; அவள் திரும்பாமல் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருப்பாள். துர்சுனாய் என்ற பெயரும் அப்படி ஒரு வேண்டுதல்தான். பிள்ளைகள் தங்காத வீட்டில், 'இவளாவது இருக்கட்டும்' என்று வைத்தது. ஆனால் அது அவளுக்காகவே வேண்டியது. புருல் என்பதோ, இனிமேல் வரப்போகிற எவனுக்கோ இவள் காதில் சொல்லி அனுப்புகிற செய்தி.

"மாருல பால் வத்துறதுக்குள்ள அடுத்தது தங்கிடுச்சுன்னா பையன்தான். உன் புருஷன்கிட்ட சொல்லிட்டேன்."

"அவர்கிட்ட சொன்னீங்க. என்கிட்ட?"

"உன்கிட்ட சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்றாள் சபிரா, நிஜமாகவே புரியாமல்.

மதியம் விருந்தாளிகள் கால்களில் பனியோடு வந்து இறங்கினார்கள். துர்சுனாயின் கணவன் தாலாயின் தாய்மாமன் இசாபெக்தான் குழந்தையின் காதில் பாங்கு ஓதிப் பெயர் சொல்ல வேண்டும். துர்சுனாயின் மூத்த பெண்கள் இரண்டு பேரும் கதவிடுக்கில் தலையை நீட்டிக்கொண்டிருந்தார்கள். கிழவர் குழந்தையை மடியில் வாங்கிப் பாங்கு ஓதி முடித்தார். "ம், என்ன பேரு?"

"தோல்குன்," என்றாள் துர்சுனாய்.

தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த மருமகள் வாய் திறந்ததில் பேச்சுகள் அப்படியே நின்றன.

"தோல்குனா? அலையா?" கிழவர் புருவத்தைத் தூக்கினார். "அது ஆம்பளைக்கும் வைக்கிற பேராச்சே."

"வைக்கட்டும். இவளுக்கும் வைங்க."

"அண்ணே, பெத்த அசதியில என்னமோ உளர்றா," என்றாள் சபிரா. "புருல்னு சொல்லுங்க."

துர்சுனாய் கெண்டியைக் கீழே வைத்தாள். குனிந்து குழந்தையின் காதைத் தன் உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். "அந்தப் பேரு இதுக்குள்ள போகாது."

கிழவர் தாலாயைப் பார்த்தார். தாலாய் தன் தேநீர்க் கிண்ணத்துக்குள் பார்த்தான். ஒருவரும் அசையவில்லை. அவள் கையும் அசையவில்லை. கடைசியில் கிழவருக்குத்தான் பொறுமை போயிற்று. "கறி ஆறுதே! கையை எடும்மா. அலையே இருந்துட்டுப் போகட்டும்." குனிந்து அந்தப் பெயரைச் சொன்னார். துர்சுனாய் அவர் உதடுகளைக் கூர்ந்து கவனித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

விருந்தாளிகள் போனபின் சபிரா பாத்திரங்களைத் தேவைக்கு அதிகமாகச் சத்தப்படுத்தினாள். "கொட்டகை என் புருஷன் கட்டினது. ஆணைத் திரும்ப அந்தப் பெட்டியில விடு. இல்லேன்னா நானே விடுவேன்."

"விட்டா நான் எடுப்பேன். நீங்க விட விட எடுத்துக்கிட்டே இருப்பேன்."

அவள் போய்த் தன் மெத்தையைச் சுருட்டினாள். எலிக்கொட்டகையை ஒட்டி, கரியடுப்பு எரிகிற சின்ன அறை ஒன்று உண்டு. மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முற்றத்தைக் கடந்து அங்கே போனாள். தாலாய் தொப்பிகூடப் போடாமல் பின்னாலேயே வந்தான்.

"அங்க எப்படிப் படுப்ப? நாத்தம் அடிக்குமே."

"அடிக்கும். தாழ்ப்பாளும் இருக்கு."

அவன் காது சிவந்தது. "நான் ஒண்ணும் சொல்லலையே துர்சுனாய்."

"அதான். அவங்க முன்னாடி ஒண்ணுமே சொல்லலை."

"எத்தனை நாளைக்கு?"

"சதை தேறுற வரைக்கும்."

"யாருக்கு, எலிக்கா?"

அவள் அடுப்பில் கரியை அள்ளிப் போட்டாள். சுவருக்கு அப்பால் எலிகள் தீனியைக் கொறிக்கும் சத்தம் கேட்டது. குழந்தை மார்பைத் தேடி முகத்தைத் திருப்பியது. பொத்தானை அவிழ்த்துக் கொடுத்தாள். தாலாய் வாசலிலேயே நின்றான். உள்ளே வருகிறவன் போலவும் இல்லை, போகிறவன் போலவும் இல்லை.

அப்போது முற்றத்தில் சபிரா கத்தினாள். "ஏய், எங்கடி போறீங்க ரெண்டு பேரும்?"

துர்சுனாய் ஜன்னலில் படிந்த ஈரத்தைத் துடைத்துப் பார்த்தாள். மூத்த பெண்கள் இருவரும் தங்கள் சிவப்பு மெத்தையை ஆளுக்கொரு முனையாகப் பிடித்து, பின்பக்கமாகவே நடந்து பனியில் இழுத்து வந்துகொண்டிருந்தார்கள். சின்னவள் வழுக்கி விழுந்தாள், எழுந்தாள், மறுபடி பிடித்துக்கொண்டாள். மெத்தைக்குப் பின்னே, பெரிய வீட்டின் வாசற்படியிலிருந்து கொட்டகையை நோக்கி, முற்றத்து வெண்பனியில் அகலமாக ஒரு தடம் நீண்டுகொண்டே வந்தது.