மூடி பிரஸும் நாகூர் கனியின் வீம்பும்

இந்த லீவு முடியும்வரை அந்த பிரஸ்ஸைக் கையால் தொடுவதில்லை என்று நாகூர் கனி முடிவு கட்டிக்கொண்டார். வந்து இறங்கிய அன்றைக்கே, பெட்டியைக்கூடப் பிரிக்காமல், வீட்டுப் பின்பக்கம் போய்ப் பார்த்த கையோடு எடுத்த முடிவு அது. என்றைக்காவது கார் வாங்கினால் நிறுத்தலாம் என்று மலேசியாவிலிருந்தபடியே சொல்லிச் சொல்லி அவர் போட வைத்த கொட்டகையில், காருக்குப் பதிலாக ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பவர் பிரஸ் நின்றுகொண்டிருந்தது. பெயிண்ட் புதுசு, மெசின் பழசு. மதுரையில் மூடிவிட்டுப் போன ஒரு பட்டறையிலிருந்து நபீஸா வாங்கி வந்திருந்தாள். கட்டிய புருசனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“என்ன புள்ள இது?”

“மூடி அடிக்கிற பிரஸ்ஸு. ஒங்களுக்குத் தெரியாததா?” என்றாள் நபீஸா, காயப்போட்ட துணியை எடுத்தபடி.

தெரியாமல் என்ன? ஜோகூரில் டப்பா செய்யும் பாக்டரியில் அவர் செட்டர். பிஸ்கட், பால்மாவு, பெயிண்ட் என்று எதை அடைத்து விற்கிறார்களோ அதற்கெல்லாம் தகர மூடி அடிக்கிற மெசின்களை அளவு பார்த்து ஓடவிடுவதுதான் அவருக்குப் பிழைப்பு. மகள் ஃபர்சானா நடை பழகுவதற்கு முன்னால் போனவர். அவள் இப்போது திருச்சியில் காலேஜ் படிக்கிறாள். அங்கே ஒரு மெசின் இருமினால்கூட ‘கனி எங்கே, கனியைக் கூப்பிடு’ என்று ஆள் மேல் ஆள் ஓடி வரும். சொந்த ஊரான மானகிரியில் அவரை யாரும் எதற்கும் தேடுவதில்லை. சொந்த வீட்டில் டீத்தூள் டப்பா எந்தத் தட்டில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியாது. வந்திருக்கும் விருந்தாளிக்கு வைப்பது மாதிரி நபீஸா எல்லாவற்றையும் கொண்டுவந்து முன்னால் வைப்பாள்.

அவள் எதற்காக பிரஸ் வாங்கியிருக்கிறாள் என்பது அவருக்கு விளங்காமலில்லை. இதில் கை வைத்துவிட்டால் அப்புறம் விமானம் ஏற மனசு வராது. அதுதான் அவள் போட்ட கணக்கு. ஊரோடு தங்குவதை நினைத்தாலே அவருக்குப் பயம். அங்கே தோற்றுப்போனால் யாருக்குத் தெரியப்போகிறது? இங்கே தோற்றால் டீக்கடையிலிருந்து பள்ளிவாசல்வரை விசாரிப்பார்கள். அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. வெளியே சொன்னதெல்லாம் வேறு.

“நான் லீவுல வந்திருக்கேன். அங்குட்டும் பிரஸ்ஸு, இங்குட்டும் பிரஸ்ஸுன்னா மனுசன் என்னத்துக்கு ஆவான்? நான் தொட மாட்டேன் பாத்துக்க.”

“தொடுங்கன்னு யாரு சொன்னா?” என்றாள் அவள்.

அதோடு அவள் அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். அவள் கெஞ்சுவாள், நாம் பிகு பண்ணிக்கொள்ளலாம் என்று இருந்தவருக்கு அது பெரிய ஏமாற்றம்.

மறுநாள் காலையில் வராண்டாவில் பேப்பரும் டீயுமாக உட்கார்ந்தபோது கொட்டகையில் மோட்டார் சுற்ற ஆரம்பித்தது. கூடமாட வேலைக்கு நாச்சியாபுரத்திலிருந்து வரும் சந்திரலேகா தகட்டை வைக்க, நபீஸா ஓட்டினாள். முதல் அடியிலேயே நாகூர் கனி டீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டார்.

நல்ல பிரஸ்ஸுக்கு ஒரே சத்தம்தான். மேலிருந்து பஞ்ச் இறங்கி, கீழே இருக்கும் டை என்னும் அச்சில் தகட்டை வட்டமாக வெட்டும். வெட்டிய வேகத்திலேயே ஓரத்தைக் கீழே மடித்து மூடியாக்கிவிடும். மடியும்போது தகடு சுருங்கிவிடாமல் ஒரு வளையம் சுற்றிலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த வளையத்துக்கு அடியில் ஸ்பிரிங்குகள், ஸ்பிரிங்கை இறுக்க நட்டுகள். எல்லா நட்டும் ஒரே இறுக்கத்தில் இருந்தால் ‘டங்’ என்று ஒரே அடி. ஒன்று தளர்ந்திருந்தாலும் வளையம் ஒரு பக்கம் பிந்தி உட்காரும், ‘டங்’குக்குப் பின்னால் ஒரு ‘டக்’ கேட்கும். மூடியின் ஓரத்தில் அந்தப் பக்கம் மட்டும் கிழவன் கன்னம் போலச் சுருக்கம் விழும்.

‘டங்-டக்’ என்றது கொட்டகை. ‘டங்-டக், டங்-டக்.’

பேப்பரில் ஒரு வரி ஓடவில்லை. ஜன்னலைச் சாத்தினார். டிவியைச் சத்தமாக வைத்தார். பல்லுக்குள் மாட்டிய கறித் துணுக்கு மாதிரி அந்த ‘டக்’ அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. மத்தியானம் சோறு போடும்போதாவது வாயைத் திறப்பாள் என்று பார்த்தார். அவள் மீன் குழம்பைப் பற்றிப் பேசினாள், ஃபர்சானாவின் பரீட்சையைப் பற்றிப் பேசினாள், பிரஸ்ஸைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு வார்த்தை கேட்டால் போய்ப் பார்த்திருப்பார். அவள் கேட்பதாக இல்லை. கேட்காமல் போவதற்கு அவருக்கு மனசில்லை.

சாப்பிட்டு முடித்ததும் பைக்கை எடுத்துக்கொண்டு அமராவதிபுதூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விட்டார். இருட்டும் நேரத்துக்குத்தான் திரும்பினார். அதுவே தினசரி வழக்கமானது. காலை முழுக்க அந்த ஓசையில் வேகுவது, மத்தியானத்துக்கு மேல் தப்பித்து ஓடுவது. அக்காவே ஒருநாள், “என்னடா, பொண்டாட்டிகிட்ட சண்டையா?” என்று கேட்டுவிட்டாள்.

இடையில் ஒருதரம், யாரும் இல்லாத நேரமாகப் பார்த்துக் கொட்டகைக்குள் நுழைந்து கழிவுத் தட்டிலிருந்து ஒரு மூடியை எடுத்தார். கட்டை விரலை ஓரத்தில் ஓடவிட்டார். அவர் நினைத்த அதே இடத்தில் சுருக்கம். ஒரு நட்டு, ஒரே ஒரு நட்டு. அரைத் திருப்புக்கூட வேண்டாம். கை பரபரத்தது. கையை இழுத்துச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

ஆனால் காதுக்கு வீம்பு கிடையாதே. ஒரு காலையில் ‘டக்’ வழக்கத்தைவிடப் பலமாகக் கேட்டது. நாகூர் கனி கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று போய் மோட்டாரை நிறுத்தினார்.

“அங்குட்டுத் தள்ளு புள்ள. டையை ஒடச்சுப்பிடுவ போலருக்கே. ஸ்பேனர் எங்க?”

நபீஸா ஸ்பேனரை நீட்டினாள், ஏற்கெனவே கையில் வைத்திருந்ததுபோல. அவர் குனிந்து கீழே கையை விட்டார். தொட்டுத் தொட்டுப் பார்த்துத் தளர்ந்த நட்டைக் கண்டுபிடித்து இறுக்கினார். எழுந்து மோட்டாரைப் போட்டு, இரண்டு கையாலும் இரண்டு பொத்தானை அமுக்கினார். கை உள்ளே போய்விடக் கூடாது என்பதற்காக நபீஸா புதிதாகப் போட்டு வைத்த ஏற்பாடு அது. பரவாயில்லை, விவரமாகத்தான் செய்திருக்கிறாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

‘டங்.’

ஒரே அடி. மூடி வழவழவென்று வந்து விழுந்தது. நாகூர் கனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜோகூரில் இதே வேலையை நாள் தவறாமல் செய்கிறவர்தான். அங்கே ஒருநாளும் சிரித்ததில்லை. அன்று மத்தியானம் இரண்டாந்தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மறுநாள் காலையில் மறுபடியும் ‘டங்-டக்.’

“யாரு இதுல கை வச்சது?” என்று அதட்டினார். சந்திரலேகா தகட்டுக் கட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். பழைய மெசின், அதிர்வுல தளருது என்றாள் நபீஸா. சரிதான் என்று இவர் மறுபடி குனிந்தார். அடுத்த நாள் வேறொரு நட்டு. அதற்கடுத்த நாள் இன்னொன்று. காலை டீயையே கொட்டகைக்குக் கொண்டுவரச் சொல்லும் அளவுக்கு ஆகிவிட்டது. சரி பண்ணிவிட்டுக் கொஞ்ச நேரம் ஓட்டவும் செய்வார். அவர் தகடு வைக்க, நபீஸா மூடி எடுக்க, பேச்சு அதுபாட்டுக்கு ஓடும். இத்தனை வருசமாகப் போனில் ‘சாப்டியா, சாப்ட்டேன்’ என்று பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு காலைப் பேச்சுக்கு ஈடாகாது.

“நான் போயிட்டா என்ன புள்ள பண்ணுவ? ஒரு நட்டு ஒனக்கு நிக்க மாட்டேங்குது” என்று கேலி பண்ணினார்.

“பாத்துக்கிறலாம்” என்றாள். அப்போது அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் அதைக் கவனித்தார், கவனிக்காத மாதிரி இருந்துகொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் விமானம். புதன்கிழமை நபீஸா காரைக்குடிக்குத் தகடு எடுக்கப் போனாள். நாகூர் கனி அன்று அக்கா வீட்டுக்குப் போகவில்லை. ஒவ்வொரு நட்டுக்கு மேலும் இன்னொரு நட்டைப் போட்டு இறுக்கிவிட்டால், எவ்வளவு அதிர்ந்தாலும் தளராது. போகும் முன்னால் அதையாவது செய்து கொடுத்துவிட்டுப் போகலாம் என்று கடையில் நட்டுகளை வாங்கிக்கொண்டு வந்தார்.

கொட்டகை வாசலில் ஒரு வேன் நின்றது. முன் ஸீட்டிலிருந்து இறங்கியவர் தேனம்மை ஆச்சி. காரைக்குடியில் சீப்புச் சீடை, மணகோலம் என்று பலகாரங்கள் செய்து டப்பாவில் அடைத்து வெளிநாட்டுக்கெல்லாம் அனுப்புகிறவர்.

“வாங்க பாய், எப்ப வந்தீக? மூடி எடுக்க வந்தேன். நபீஸா அடிச்சு வச்சிருக்கேன்னுச்சு.”

“இப்பத்தான் ஆச்சி நானே ஒருவழியா செட் பண்ணேன். அதுவரைக்கும் ஒரே சுருக்கமால்ல வந்துச்சு” என்றார் இவர் கொஞ்சம் பெருமையாகவே.

ஆச்சி அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “சுருக்கமா? தையிலருந்து வாங்குறேன் பாய். ஒரு மூடி கோணல்னு நான் திருப்பி அனுப்புனதில்லையே. மூடியப் பிடிச்சு டப்பாவத் தூக்குனா டப்பாவும் கூடவே வருது. மலேசியாவுக்கே அதுலதான் போகுது.”

தார்ப்பாயை விலக்கி, சந்திரலேகா அட்டைப் பெட்டிகளை எடுத்து வேனில் ஏற்றினாள். நாகூர் கனி ஒரு பெட்டியைத் திறந்து, ஒரு மூடியை எடுத்து விரலை ஓடவிட்டார். அப்புறம் இன்னொன்று. குழந்தையின் நகம் மாதிரி வழவழப்பு. அவர் டார்ச்சை எடுத்துக்கொண்டு பிரஸ்ஸுக்கு அடியில் குனிந்தார். நட்டுக்கு நட்டு, சரியாக நிற்க வேண்டிய இடத்தில், வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு. கோட்டின் மேல் எண்ணெய்க் கசடு ஏறியிருந்தது. நேற்றுப் போட்ட கோடில்லை, மாசக்கணக்கில் ஆகியிருக்க வேண்டும்.

வேன் போன பிறகு, “இது யாரு வேல?” என்று கேட்டார்.

சந்திரலேகா தயங்கினாள். “நபீஸாக்காதான்ணே. அந்த மதுரப் பட்டறைய மூடுறதுக்கு முன்னாலயே அங்க போய் உக்காந்து கத்துக்கிட்டு வந்தாக. நீங்க மத்தியானம் பைக்க எடுத்ததும் நட்டைக் கோட்டுக்குக் கொண்டாந்து ஓட்டுவோம். நீங்க வர்றதுக்குள்ள ஒண்ணத் தளத்தி வச்சிருவாக. தகடு வீணாகுதேக்கான்னு நானும் சொல்லிப் பாத்தேன்.”

நாகூர் கனிக்குக் காது சூடேறியது. முதலில் வந்தது கோபம். அதற்குப் பின்னால் வந்தது, கோபத்தைவிட மோசமான ஒன்று. இந்த வீட்டில் தன்னைத் தேடும் ஒரு பொருளாவது இருக்கிறது என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தாரே, அதுவும் இல்லை. பிரஸ் அவர் இல்லாமலே ஓடும். நல்லதாகப் போயிற்று, நிம்மதியாகக் கிளம்பலாம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டார். நிம்மதிதான் வரவில்லை.

நபீஸா ஆட்டோவிலிருந்து இறங்கியபோது அவர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கையில் டார்ச். அவளுக்கு விளங்கிவிட்டது. சந்திரலேகா தண்ணீர் பிடிக்கப் போவதாகச் சொல்லி நழுவினாள்.

“என்னையக் கோமாளியாக்கிட்டேல்ல?”

“கோமாளியா?” நபீஸா முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள். “இத்தன வருசத்துல நீங்க இந்த வீட்டுல சிரிச்சு நான் பாத்தது இந்தக் கொட்டகையிலதான் மச்சான்.”

“பேச்ச மாத்தாத. இது நான் இல்லாமலே ஓடுது.”

“ஓடும். நல்லா ஓடும். நீங்க வெள்ளிக்கிழம ஏறிப் போயிட்டாலும் சனிக்கிழம ஓடும். ஆச்சிக்கு மூடி போகும். எதுவும் நிக்காது.” அவள் குரல் அதுவரைக்கும் திடமாகத்தான் இருந்தது. “மெசினுக்கு நீங்க வேணாம். எனக்குத்தான் வேணும்.”

நாகூர் கனி தலை நிமிர்ந்து பார்த்தார். இவ்வளவு காலத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. போனில் சொன்னதில்லை, ஏர்போர்ட்டில் நின்று வழியனுப்பும்போதுகூடச் சொன்னதில்லை.

“இத வந்த அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பீக? அடுத்த லீவுல பாப்போம்பீக.” அவள் கண்ணைத் துடைத்துக்கொள்ளாமலே நின்றாள். “எத்தன லீவு மச்சான்?”

தோற்றுப்போவோமோ என்று அவர் பயந்த ஊரில், அவள் தனியாளாக மெசினை இறக்கி, கற்று, ஓட்டி, விற்றுக்கொண்டிருக்கிறாள். விசாரிக்கிறவர்கள் அவளையும்தான் விசாரித்திருப்பார்கள். அவள் அதற்காக ஒருநாளும் பிரஸ்ஸை நிறுத்தவில்லை. அதை நினைத்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட ஆசையாக இருந்தது.

எழுந்தார். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். பிரஸ்ஸுக்கு அடியில் கையை விட்டு, தளர்ந்திருந்த நட்டை அவள் போட்ட கோட்டுக்கே கொண்டுவந்து நிறுத்தினார். வாங்கி வந்த நட்டுகளை ஒவ்வொன்றாக மேலே போட்டு, ஸ்பேனர் திரும்பாத அளவுக்கு இறுக்கினார். நபீஸா டார்ச்சைப் பிடித்தாள்.

“இனி ஒன்னால தளத்த முடியாது” என்றார் கையைத் துடைத்துக்கொண்டே.

“சரி.”

“வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சு வந்து ஓட்டுவோம். நீ அங்குட்டு நின்னு எடு, நான் இங்குட்டு நின்னு வைக்கிறேன்.”

நபீஸா டார்ச்சை அணைக்க மறந்து நின்றாள். “வெள்ளிக்கிழம காலையிலதான ஒங்க பிளைட்டு?”

“அது போகும்” என்றார் நாகூர் கனி. “நான் போகல.”