நூற்றுப் பன்னிரண்டு சேனல் எடுக்கும் பெண்

முசிறி பொன்னி நகரில் இலவச டிஜிட்டல் டிவி பார்க்க டிஷ் வேண்டியதில்லை. வீட்டுக்கு ஒருவர் மொட்டை மாடியில் தென்கிழக்கைப் பார்த்து நின்றால் போதும். ஒருவர் சொல்லாமல் விழுங்கும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரு சேனல் வரும்.

சிந்துஜா நூற்றுப் பன்னிரண்டு எடுத்தாள். அந்தத் தெருவிலேயே அதுதான் அதிகம். தாவரவியல் எம்.எஸ்ஸி. முடித்து ஊர் திரும்பிய வாரத்தில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் அவளுடைய பாதங்களை அளந்து அப்பா வெள்ளைப் பெயின்ட்டில் வட்டம் போட்டுவிட்டார். ஐந்தாம் வகுப்பு ரேங்க் கார்டில் டீச்சர் எழுதியிருந்த 'வகுப்பில் பேசுவதே இல்லை' என்ற வரியைக் கண்ணாடிச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டினார். இது தானாக வந்த சிக்னல் இல்லை, சின்ன வயதிலிருந்து வளர்த்தது என்று வருகிறவர்களிடம் சொல்வார்.

நூற்றுப் பன்னிரண்டில் எழுபது சேனல்கள் வீட்டில் யாருக்கும் புரியாத மொழிகளில் வந்தன. அதனால் என்ன, எண்ணிக்கைக்கு ஆகிறதே என்றார் அப்பா தட்சிணாமூர்த்தி. மற்றவற்றில் பக்தி, பழைய படம், சமையல், தங்கம் வாங்கச் சொல்கிற சேனல்கள் இருந்தன. ஏழரை மணி சீரியல் வரும் சேனல் அப்பாவின் அக்கா ருக்மணிக்கு உரியது. ரிமோட்டும் அவளுக்கு உரியது.

அடுத்த வீட்டுக் கலியபெருமாள் சார் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். வாயைத் திறந்தால் மூடமாட்டார். தனிக்கட்டை என்பதால் அவரே மாடியில் நின்று, அவரே இறங்கி வந்து பார்க்க வேண்டியிருந்தது.

"எனக்கு வர்றது ஒரே சேனல்மா," என்று மதில் வழியாகச் சொல்வார். "அதுவும் சத்தம் மட்டும். எப்ப உரம் வைக்கணும்னு சொல்றான். நம்ம வீட்டுல ஒரு தொட்டிச் செடிகூடக் கிடையாது."

சிந்துஜா புன்னகை செய்வாள். அதனால் சேனல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

வீட்டுக்குத் தெரிந்த சொற்களைப் பேசினாலும் எதுவும் குறையாது. 'காபி', 'துணி காய்ஞ்சிருச்சு', 'வந்துச்சா' போன்றவற்றைத் தாராளமாகப் பேசலாம். 'சரி' என்று சொன்னால் பெரும்பாலும் ஒன்று கூடும். வீட்டுக்குத் தெரியாததைச் சொன்னால்தான் குறையும். ஒருமுறை கால் வலிக்கிறது என்று சொன்னதில் இரண்டு சமையல் சேனல்கள் போயின. அம்மா செண்பகவல்லி தைலத்தோடு மேலே வந்து, "வலிச்சா கையால காட்டுடி," என்று தேய்த்துவிட்டுப் போனாள்.

இடது கையில் எவர்சில்வர் டம்ளரைப் பிடித்துக்கொண்டால் சத்தம் தெளிவாக இருக்கும். அந்த டம்ளருக்குள்தான் சிந்துஜா கடிதத்தை மடித்து வைத்திருந்தாள். திருச்சியில் ஒரு கல்லூரித் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளர் வேலை. வரும் திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் சேராவிட்டால் அடுத்தவருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

"ரெண்டு நாளா சத்தம் கரகரங்குது," என்றாள் ருக்மணி அத்தை கீழேயிருந்து. "டம்ளரைப் புளி போட்டுத் தேய்டி."

"சரி அத்தை."

ஒன்று கூடியது. புரியாத மொழிதான். அத்துடன் நூற்றுப் பதின்மூன்று ஆக வேண்டும். ஆனால் மாலையில் யாருக்கும் தெரியாமல் கடிதத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்ததில் அது போய்விட்டது.

வேலையைப் பற்றிச் சொல்ல எத்தனை சொற்கள் தேவை என்று அவள் யோசித்தாள். 'வேலை கிடைச்சிருக்கு. திங்கக்கிழமை சேரணும். நான் போறேன்.' ஆறு சொற்கள். எடை அதிகமான சொல்லுக்கு இருபது சேனல்கூடப் போகும் என்று பேச்சு. 'நான்' எவ்வளவு எடுக்கும் என்று அவளுக்குத் தெரியவில்லை. அந்த வீட்டில் அவள் அதைப் பயன்படுத்தியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தொட்டியத்திலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பையன் முகுந்தன் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தான். அவனுடைய அம்மா வசந்தகோகிலம் சொந்த ரிமோட்டைப் பிளாஸ்டிக் உறையோடு கைப்பையில் கொண்டுவந்திருந்தாள்.

பெண்ணைக் கீழே கூப்பிடவில்லை. எல்லோரும் டிவிக்கு எதிரே உட்கார்ந்து பஜ்ஜி சாப்பிட்டார்கள்.

"பொண்ணு எத்தனை எடுக்கும்?" என்று வசந்தகோகிலம் கேட்டாள்.

"நூத்திப்பன்னெண்டு. மழை நாள்லயும் நூறுக்குக் குறையாது," என்றார் தட்சிணாமூர்த்தி.

"எங்க மூத்த மருமகளுக்கும் நூறுன்னுதான் சொன்னாங்க. கல்யாணம் முடிஞ்சு மாடியில ஏத்தினா எழுபது. மீதியெல்லாம் கட்டம் கட்டமா உடையுது. அவங்க வீட்டுல கேட்டா, உங்க மாடி சரியில்லைங்கிறாங்க."

"நீங்களே எண்ணிப் பாருங்க சம்பந்தி."

"இன்னும் சம்பந்தி ஆகலை," என்று சொல்லிவிட்டு வசந்தகோகிலம் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்கினாள். நூற்றுப் பன்னிரண்டும் இருந்தன. ருக்மணி அத்தையின் சேனலில் அவள் இரண்டு நிமிடம் நின்றாள். "நீங்களும் இதுதான் பார்க்கிறீங்களா?" என்று கேட்டாள். அதன்பிறகு பேச்சில் ஒரு நெருக்கம் வந்தது.

எண்ணி முடித்ததும், "பையனும் பொண்ணும் தனியாப் பேசட்டும். இந்தக் காலத்துல அதெல்லாம் வேணும்," என்றாள்.

முகுந்தன் மாடிக்கு வந்தான். தண்ணீர்த் தொட்டியின் நிழலில், அவளுக்கு நாலடி தள்ளி நின்றான். இருவரும் பேசவில்லை. வேறு எங்கே பார்ப்பதென்று தெரியாமல் அவனும் தென்கிழக்கைப் பார்த்தான்.

கீழே சத்தம் எழுந்தது. "இருநூத்தி நாற்பது... இருநூத்தி ஐம்பது," என்று அப்பா படிக்கட்டு வழியாகச் சொன்னார். "அப்படியே நில்லுங்க ரெண்டு பேரும்."

"இதைவிடப் பொருத்தம் வேற என்ன வேணும்," என்று வசந்தகோகிலம் சொல்வதும், அம்மா தாம்பூலத்தட்டை எடுக்கும் சத்தமும் மாடிக்குக் கேட்டன.

சிந்துஜா டம்ளருக்குள் பார்த்தாள். தாம்பூலத்தட்டு கை மாறிவிட்டால் திங்கட்கிழமை தொட்டியத்து மாடியில்தான். அங்கேயும் யாராவது பெயின்ட் வாங்கி வைத்திருப்பார்கள்.

"வேலை," என்றாள்.

முகுந்தன் திரும்பினான்.

"வேலை கிடைச்சிருக்கு."

கீழே தங்கம் வாங்கச் சொல்கிற சேனல்கள் மொத்தமாகப் போயின.

"நாளைக்குச் சேரணும்."

பக்தியும் பழைய படமும் போயின. "யாரு பேசுறது?" என்று அப்பா கேட்டார்.

"நான் போறேன்."

'நான்' முப்பத்தெட்டு எடுத்தது. 'போறேன்' மீதியை எடுத்தது. அவளுக்கு உடம்பு லேசானது. தெருவை இதுவரை தென்கிழக்குப் பக்கம் மட்டுமே பார்த்திருந்தாள். இப்போது வடக்கே திரும்பினாள். அங்கே பஸ் நிறுத்தம் தெரிந்தது.

முகுந்தன் அவளைப் பார்த்தான். ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

"சரி," என்றான்.

கீழே ரிமோட் பொத்தான்களை அழுத்தும் சத்தம் கேட்டது. பிறகு ருக்மணி அத்தையின் குரல் வந்தது. "நூத்திமுப்பத்தொன்பது நிக்குது. என் சீரியல் இருக்கு."

கணக்கு எல்லோருக்கும் புரிந்தது. இருநூற்று ஐம்பதில் நூற்றுப் பன்னிரண்டு போனால் நூற்று முப்பத்தெட்டு. அது முகுந்தனுடையது. கடைசியாகச் சொன்ன 'சரி'க்கு ஒன்று. தொட்டியத்து வீட்டில் மூத்த மருமகள் இருந்ததால் அவனை இதுவரை யாரும் நிறுத்திப் பார்க்கவில்லை.

"சிந்து, நீ கீழே வரலாம்," என்று அத்தை கூப்பிட்டாள். "மாப்பிள்ளை அங்கேயே நிக்கட்டும்."

"அதெப்படி, எங்க பையன் எங்க வீட்டு மாடியிலதானே நிக்கணும்?" என்றாள் வசந்தகோகிலம்.

"உங்க வீட்டு டிவி எத்தனை இன்ச்?" என்று அத்தை கேட்டாள்.

"இருபத்திநாலு."

"இது நாற்பத்திமூணு."

வசந்தகோகிலம் ரிமோட்டை உறைக்குள் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டாள். சிந்துஜா வட்டத்தை விட்டு இறங்கி, கடிதத்தை எடுத்துக்கொண்டு, டம்ளரை முகுந்தனிடம் கொடுத்தாள். அவன் செருப்பைக் கழற்றிவிட்டு வட்டத்துக்குள் நின்றான். பாதம் சற்றே பெரிதாக இருந்தது. மாலையில் அப்பா பெயின்ட் டப்பாவோடு மேலே போனார்.

நூற்று முப்பத்தொன்பதாவது சேனலில் மட்டும் படம் வரவில்லை. நீல நிறத்தில் 'விரைவில்' என்று எழுதியிருந்தது.

திங்கட்கிழமை காலை சிந்துஜா திருச்சி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அய்யம்பாளையம் தாண்டியதும் அம்மா போன் செய்தாள்.

"அந்த நூத்திமுப்பத்தொன்பது வந்திருச்சுடி."

"என்ன வருது?"

"நீதான். பஸ்ஸுல போயிட்டிருக்கே. பச்சைச் சுடிதார்."

"படம் தெளிவா இருக்காம்மா?"

"கண்ணாடி மாதிரி இருக்கு. சத்தம்தான் இல்லை. அத்தை உன்னைக் கொஞ்சம் பேசச் சொல்றா."

"என்ன பேசறது?"

"என்னத்தையாவது பேசு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இன்னும் கிளம்பலை. அடுத்த வீட்டு சாரும் வந்து உட்கார்ந்திருக்கார். எல்லாரும் பார்த்துட்டிருக்கோம்."

சிந்துஜா போனை மடியில் வைத்தாள். பக்கத்தில் இருந்த பெண்மணி கைப்பையை நகர்த்திக்கொண்டு அவள் பக்கம் திரும்பினாள். சிந்துஜா பெரணிகளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவற்றுக்குப் பூ கிடையாது, விதை கிடையாது, இலையின் அடியில் புள்ளி புள்ளியாக எல்லாவற்றையும் வைத்திருக்கும், காய்ந்த ஒரு நாளில் வெடித்துக் காற்றில் விடும் என்றாள். பின்சீட்டுக்காரர்கள் முன்னால் சாய்ந்தார்கள்.

குணசீலத்தில் பஸ் ஓரமாக நின்றது. கண்டக்டர் விசில் ஊதி, "விளம்பர இடைவேளை, அஞ்சு நிமிஷம்," என்றார்.

எல்லோரும் டீ குடிக்க இறங்கினார்கள். சிந்துஜாவும் இறங்கினாள்.